கணினி எழுத்தும் 'ஸ்டைல்' என்னும் ஒழுங்கும்

பள்ளிவாசல் நிர்வாகத்தின் அறிவிப்பு, மதரஸாவின் ஆண்டு மலர், ஜமாஅத்தின் கணக்கறிக்கை, கல்லூரியில் பயிலும் பிள்ளைகளின் ஆய்வேடு என நம்மிடையே எழுதப்படும் எதுவும் இன்று கணினியைத் தொடாமல் தாளுக்கு வருவதில்லை. தட்டச்சு நிலையத்தைத் தேடிச் சென்று காத்திருந்த காலம் போய், வீட்டிலுள்ள மடிக்கணினியிலேயே மகனோ மகளோ அமர்ந்து எழுதி முடித்து விடுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய மாற்றம்தான். ஆயினும் எழுதுவோரில் பெரும்பாலோர் கணினியை விலையுயர்ந்த தட்டச்சுப் பொறியாகவே பயன்படுத்தி வருகின்றனர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஒரு தலைப்பை நாம் எவ்வாறு அமைக்கிறோம் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கிறோம், எழுத்தைத் தடிப்பாக்குகிறோம், அளவை 16 ஆக்குகிறோம், நடுவில் நிறுத்துகிறோம், மேலே சற்று இடைவெளி வேண்டுமென்று இரண்டு முறை என்டர் தட்டுகிறோம். அடுத்த தலைப்புக்கும் இதே ஐந்து வேலைகள். 40 தலைப்புகள் உள்ள நூலுக்கு 200 வேலைகள். இருபதாம் தலைப்பை நெருங்கும்போது அளவு வைத்தது 16-ஆ, 15-ஆ என்பதே மறந்து போயிருக்கும்.

வீணாகும் உழைப்பையாவது பொறுத்துக் கொள்ளலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. படிப்பவரின் கண்ணுக்கு அந்த வரி தலைப்பு. கணினிக்கோ அது பெரிதாகவும் தடிப்பாகவும் உள்ள ஏதோ ஒரு வரி, அவ்வளவே. அது தலைப்பு என்று யாரும் கணினியிடம் சொல்லவில்லை. சொல்லாததால் கணினியால் பொருளடக்கம் தொகுத்துத் தர இயலாது. தலைப்பு பக்கத்தின் அடியில் தனித்து நின்று, அதற்குரிய செய்தி மறுபக்கம் போய்விட்டால் அதைத் தடுக்கவும் இயலாது. 'இந்த வரி தலைப்பு', 'இந்தப் பத்தி மேற்கோள்' என்று கணினியிடம் பெயர் சொல்லி அறிவிக்கும் முறைக்குத்தான் 'ஸ்டைல்' என்று பெயர். தமிழில் பாணி என்கிறார்கள். திரையில் தோன்றும் சொல்லையே நாமும் வைத்துக் கொள்வோம்.

மத்னும் ஷரஹும்

மதரஸாவில் கிதாப் ஓதியவர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்திருப்பீர்கள். மூல ஆசிரியரின் வாசகமாகிய மத்ன் பல பிரதிகளில் சிவப்பு மையில் இருக்கும். அல்லது அதன்மேல் சிவப்புக் கோடு ஓடும். அதன் விரிவுரையாகிய ஷரஹ் கறுப்பு மையில் தொடரும். கல்லச்சில் பதிக்கப்பட்ட கிதாபுகளில் ஹாஷியா ஓரங்களில் சாய்வாகப் படர்ந்து பக்கத்தையே நிறைத்திருக்கும். பிரதி எடுத்தவர் இஷ்டப்பட்ட இடத்தில் சிவப்பு மையைத் தொடவில்லை. இந்த வாக்கியம் மத்னைச் சேர்ந்ததா, ஷரஹைச் சேர்ந்ததா என்று முதலில் முடிவு செய்தார்; மை அந்த முடிவைப் பின்பற்றியது. ஓதுகிற மாணவனும் நிறத்தைக் கண்டே இன்னாருடைய சொல் என்று அறிந்து கொண்டான்.

ஸ்டைலும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு பெயர், அந்தப் பெயருக்கு உட்பட்ட சில கட்டளைகள். எழுத்துரு எது, அளவு எவ்வளவு, மேலும் கீழும் விடவேண்டிய இடைவெளி என்ன, வலப்புறமா இடப்புறமா, அடுத்த பத்தியை விட்டுப் பிரியலாமா கூடாதா என்பனவெல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கும். நாம் வரிக்குப் பெயரை மட்டும் சூட்டுகிறோம். பின்னொரு நாள் தலைப்புகள் யாவும் 16-க்குப் பதில் 18 ஆக வேண்டுமென்றால், பெயருக்குரிய கட்டளையை ஓரிடத்தில் மாற்றினால் போதும். நூல் முழுவதும் ஒரு நொடியில் மாறிவிடும்.

இந்தச் சிந்தனை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் 1969-ஆம் ஆண்டு வாக்கிலேயே ஆவணத்தின் பகுதிகளுக்கு அவற்றின் தன்மையைக் கொண்டு பெயரிடும் முறையை உருவாக்கினர். மைக்ரோசாஃப்ட் வேர்ட் 1983-இல் முதன்முதலாக வெளிவந்தபோதே அதில் ஸ்டைல் வசதி இருந்தது. அதாவது, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் நாம் தொடாமல் இருக்கிறோம்.

ஏன் தொடுவதில்லை?

இதற்கு ஒரு சிறிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வேர்டில் 'ஹெடிங் 1' என்பதை முதன்முறை சொடுக்கியவர் என்ன காண்கிறார்? தலைப்பு நீல நிறமாகிவிடுகிறது. எழுத்துருவும் தாம் விரும்பியதாக இல்லை. 'இது நமக்கு ஒத்துவராது' என்று விட்டுவிட்டுப் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார். அந்த நீலம் நிறுவனத்தார் வைத்த தோற்றம்; நமக்கு வேண்டியபடி மாற்றிக் கொள்ளத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மாற்றும் வழி எளிது. வேர்டில் 'ஹோம்' பகுதியின் வலப்புறம் ஸ்டைல்களின் வரிசை இருக்கும். 'ஹெடிங் 1' மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் 'மாடிஃபை' என்று வரும். அதில் நிறம், எழுத்துரு, அளவு அனைத்தையும் அமைத்துக் கொள்ளலாம். இன்னும் எளிய வழியும் உண்டு. ஒரு தலைப்புக்கு 'ஹெடிங் 1' கொடுத்துவிட்டு, அதை வழக்கம்போல் கையால் அழகுபடுத்துங்கள். பிறகு அதே பெயரின்மீது வலப்பொத்தானை அழுத்தி 'அப்டேட் ஹெடிங் 1 டு மேட்ச் செலக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இந்த வரி எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாத் தலைப்புகளும் ஆகட்டும்' என்பது இதன் பொருள். கற்கத் தொடங்குவோருக்கு இந்த இரண்டாம் வழியையே சிபாரிசு செய்வேன்.

பணம் கொடுத்து வேர்ட் வாங்க இயலாதவர்கள் திருட்டுப் பிரதிகளைத் தேட வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எஃப் 11 விசையை அழுத்தினால் ஸ்டைல்களின் பட்டியல் திறக்கும். பெயரை இருமுறை சொடுக்கினால் பத்திக்குப் பொருந்திவிடும். ஸ்டைல் விஷயத்தில் ரைட்டர் வேர்டைவிட ஒரு படி மேல் என்பது என் கருத்து. பத்திக்கும் எழுத்துக்கும் மட்டுமின்றி, பக்கத்துக்கே ஸ்டைல் வைக்கும் வசதி அதில் உண்டு; இடப்பக்கத்துக்கு ஒரு மேற்குறிப்பு, வலப்பக்கத்துக்கு வேறொன்று என்று அமைப்பது நூல் அச்சிடுவோருக்கு மிகவும் உதவும். கூகுள் டாக்ஸிலும் தலைப்பு ஸ்டைல்கள் உள்ளன. சிறு அறிக்கைக்கு அவை போதும்.

பத்தி ஸ்டைல், எழுத்து ஸ்டைல் என்ற வேறுபாட்டை இங்கேயே தெரிந்து கொள்வது நல்லது. முன்னது ஒரு என்டர் முதல் அடுத்த என்டர் வரையுள்ள முழுப் பத்தியையும் ஆளும். பின்னது பத்தியின் நடுவே வரும் சில சொற்களை மட்டும் ஆளும்.

மற்றொன்று, ஸ்டைல்களுக்கிடையே உறவுமுறை உண்டு. ஒரு ஸ்டைல் இன்னொன்றைச் சார்ந்து பிறந்ததாக இருக்கலாம். வாப்பாவின் முகவரி மாறினால் உடன் வாழும் பிள்ளைகளின் முகவரியும் மாறும்; தனிக்குடித்தனம் போன மகனுக்கு மாறாது அல்லவா? அதுபோலத் தாய் ஸ்டைலின் எழுத்துருவை மாற்றினால் சார்ந்தவை யாவும் மாறும். தனக்கென எழுத்துரு வைத்துக்கொண்டது மட்டும் மாறாது. வேர்டில் பெரும்பாலானவற்றுக்குத் தாய் 'நார்மல்'. எனவே அதில் கைவைக்குமுன் யோசித்துக் கைவையுங்கள்.

தமிழும் அரபியும் ஒரே பக்கத்தில்

நம் நூல்களுக்கே உரிய சிக்கல் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கணினி வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

ஸ்டைலைத் திருத்தி எழுத்துருவை மாற்றிய பின்னும் தமிழ் எழுத்து பழையபடியே இருக்கிறதே என்று பலர் குழம்புவதுண்டு. அளவை 14 ஆக்கியிருப்பார்கள். ஆங்கிலச் சொல் மட்டும் பெரிதாகும், தமிழ் அசையாது. காரணம் இதுதான்: வேர்டும் ரைட்டரும் ஒவ்வொரு ஸ்டைலிலும் இரண்டு தனித்தனி இடங்களை வைத்திருக்கின்றன. ஆங்கிலம் போன்ற இலத்தீன் எழுத்துகளுக்கு ஓரிடம். 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' எனப்படும் எழுத்துகளுக்கு வேறோர் இடம். தமிழ் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகியவற்றை அந்த இரண்டாம் இடத்திலும் குறிப்பிட்டால்தான் தமிழுக்குப் பலிக்கும். அந்த இடம் உங்கள் திரையில் தென்படாவிட்டால், வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் என்று சென்று தமிழையும் அரபியையும் சேருங்கள். ரைட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே மொழிப் பகுதிக்குச் சென்று 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதற்குக் குறியிடுங்கள்.

இனித்தான் நமக்கான சங்கடம். அரபியும் அதே இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரே அறையில் இருவர். பத்தியின் ஸ்டைலில் தமிழ் எழுத்துருவை வைத்தால், அதே பத்தியில் வரும் அரபிச் சொல்லுக்கும் அந்தத் தமிழ் எழுத்துருவே விதிக்கப்படும். அதில் அரபி வடிவங்கள் இல்லாததால் கணினி வேறு ஏதோ ஓர் எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கி வைக்கும். ஜபர், ஜேர், பேஷ் குறிகள் உரிய எழுத்தின்மேல் அமையாமல் விலகி நிற்கக்கூடும். மற்ற நூல்களில் இது அழகுக் குறைவு மட்டுமே. ஆயத்தை அச்சிடும்போது ஹரகத் இடம் மாறினால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் முழுவதையும் தேர்ந்தெடுத்துத் தமிழ் எழுத்துருவை ஒரேயடியாக மாற்றும் பழக்கத்தால் இந்த விபத்து அடிக்கடி நேர்கிறது.

தீர்வு, அரபிக்குத் தனி ஸ்டைல் வைப்பதே. தமிழ் வாக்கியத்தின் நடுவே வரும் அரபிச் சொற்களுக்கு 'அரபு' என்ற பெயரில் ஓர் எழுத்து ஸ்டைல். அதில் அமீரி போன்ற ஒரு நல்ல நஸ்க் எழுத்துருவை, தமிழைவிட இரண்டு மூன்று புள்ளிகள் கூடுதல் அளவில் அமையுங்கள். (கெய்ரோவின் பூலாக் அச்சகத்து எழுத்தைப் பின்பற்றி வரையப்பட்ட அமீரி இலவசமாகவே கிடைக்கிறது.) தனிப்பத்தியாக வரும் ஆயத்துக்கும் ஹதீஸுக்கும் 'ஆயத்' என்று ஒரு பத்தி ஸ்டைல். அதில் எழுதும் திசையை வலமிருந்து இடம் என்று குறிப்பிட மறவாதீர்கள். வலப்புறம் ஒதுக்கி நிறுத்துவது வேறு, திசையை மாற்றுவது வேறு. திசையை மாற்றாமல் ஒதுக்கி மட்டும் வைத்தால், ஆயத்தின் எண்ணும் நிறுத்தக்குறியும் தவறான முனையில் போய் நிற்கும்.

அடுத்து 'தர்ஜுமா' என்று ஒரு பத்தி ஸ்டைலை உருவாக்குங்கள். வேர்டின் 'மாடிஃபை' பெட்டியில், இந்தப் பத்திக்கு அடுத்து வரவேண்டிய ஸ்டைல் எது என்று கேட்கும் ஓர் இடம் இருக்கிறது, ரைட்டரிலும் உண்டு. 'ஆயத்' ஸ்டைலுக்கு அடுத்தது 'தர்ஜுமா' என்றும், 'தர்ஜுமா'வுக்கு அடுத்தது சாதாரணப் பத்தி என்றும் அங்கே குறித்துவிட்டால், ஆயத்தை எழுதி என்டர் தட்டியதும் மொழிபெயர்ப்புக்குரிய அமைப்பு தானே வந்து நிற்கும். அதை முடித்து என்டர் தட்டினால் சாதாரணப் பத்தி. அத்துடன் 'ஆயத்' ஸ்டைலில் 'கீப் வித் நெக்ஸ்ட்' என்ற குறியையும் இட்டுவிடுங்கள். ஆயத் ஒரு பக்கமும் அதன் பொருள் மறுபக்கமுமாகப் பிரிந்து போகாமல் அது காக்கும்.

ஒரு நூலின் கதை

எங்கள் மதரஸாவின் முதலாண்டு ஃபிக்ஹ் பாடநூலைச் சில ஆண்டுகளுக்கு முன் மறுபதிப்புச் செய்ய வேண்டி வந்தது. ஏறத்தாழ 160 பக்கம். முன்பு ஒரு நிலையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்த கோப்பு இருந்தது. ஏ4 அளவிலிருந்து டெமி அளவுக்கு மாற்றினால் போதும், ஒரு மணி நேர வேலை என்றுதான் எல்லோரும் எண்ணினோம். பக்க அளவை மாற்றியதும் நூலே கலைந்துவிட்டது. நடுவில் நிற்பதற்காக ஸ்பேஸ் விசையால் தள்ளப்பட்ட தலைப்புகள் இரண்டிரண்டு வரிகளாக உடைந்தன. அடுத்த பக்கத்துக்குச் செல்வதற்காகத் தட்டப்பட்டிருந்த என்டர்கள் பக்கத்தின் நடுவே பள்ளங்களாகக் கிடந்தன. பொருளடக்கத்தில் ஒவ்வொரு புள்ளியும் கையால் இடப்பட்டது. பக்க எண் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கூலி வாங்கிய நிலையத்தார் தாளில் பார்க்க அழகாகத்தான் செய்து கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு தாள் அளவுக்கு மட்டுமே அது அழகு.

மூத்த மாணவர்கள் மூவரை அமர்த்தி அந்தக் கோப்பைச் சீர்செய்த முறையை இங்கே சொன்னால், இதேபோன்ற பழைய கோப்பை வைத்திருக்கும் உங்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக் கொண்டார்கள். பின்னர் 'ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்' வழியே, 'ஸ்பெஷல்' பட்டியலிலுள்ள 'பாராகிராஃப் மார்க்' இரண்டை ஒன்றாக்கினார்கள். வெற்று என்டர்கள் தீரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்து, பழைய தலைப்பு ஒன்றில் சுட்டியை வைத்து, 'ஹோம்' பகுதியின் 'செலக்ட்' என்பதில், ஒரே மாதிரி அமைந்த வரிகளையெல்லாம் ஒருசேரத் தேர்ந்தெடுக்கும் கட்டளையைக் கொடுத்தார்கள். கையால் செய்த அமைப்பில் 16-உம் 15-உம் கலந்திருந்ததால் மூன்று நான்கு முறை முயல வேண்டியிருந்தது. தேர்வான வரிகளுக்கு 'ஹெடிங் 1' சூட்டி, மேலே ஒட்டியிருந்த பழைய பூச்சைக் கன்ட்ரோலுடன் ஸ்பேஸ், கன்ட்ரோலுடன் க்யூ ஆகிய விசைகளால் அகற்றினார்கள். ஓர் எச்சரிக்கை: கன்ட்ரோலுடன் ஸ்பேஸ் என்பது எழுத்து ஸ்டைலையும் சேர்த்தே துடைத்துவிடும். முழு நூலையும் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் அரபிச் சொற்களின் எழுத்துரு அத்தனையும் போய்விடும். தலைப்பு வரிகளோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அரபிப் பகுதிகளை அவற்றின் பழைய எழுத்துருவின் பெயரைக் கொண்டே தேடி, 'அரபு' ஸ்டைலாக மாற்றிவிடலாம்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. 'ரெஃபரன்ஸஸ்' பகுதியில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' என்பதைச் சொடுக்கியதும் பொருளடக்கம் பக்க எண்களோடு தானே எழுந்து நின்றது. அச்சுக்குப் போகுமுன் வுளூ பாடத்தைத் தயம்மும் பாடத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டுமென்று மூத்த உஸ்தாத் ஒருவர் சொன்னார். 'வியூ' பகுதியிலுள்ள 'நேவிகேஷன் பேன்' என்பதைத் திறந்து, தலைப்பைப் பிடித்து மேலே இழுத்தார் ஒரு மாணவர். பாடம் முழுவதும் தலைப்போடு சேர்ந்து நகர்ந்தது. பொருளடக்கத்தில் வைத்து எஃப் 9 விசையை அழுத்தியதும் பக்க எண்களும் திருந்தின.

ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் இந்தப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நெறியாளர் அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றச் சொல்லாத ஆய்வேட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

பார்வையற்றோருக்கு

தாளில் அழகாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாளைப் பார்க்கவே இயலாதவர்களும் நம் ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பார்வையற்றோர் கணினித் திரையை ஒலியாகக் கேட்டுப் படிக்க உதவும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டு இலவசமாக வழங்கப்படுவது. வேர்ட் கோப்பில் அதன் உலாவும் நிலைக்குச் சென்று 'எச்' விசையை அழுத்தினால், ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 160 பக்க நூலில் ஜகாத் பாடம் வேண்டுமென்றால், சில அழுத்தங்களில் அங்கே போய்ச் சேரலாம். ஆனால், தலைப்பு தலைப்பென்று அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது நடக்கும். கையால் பெரிதாக்கிய வரியை அந்த மென்பொருள் தலைப்பாக அறியாது. அவர் முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டியதுதான். கோப்பை பி.டி.எஃப். ஆக்கும்போதும் தலைப்பு ஸ்டைல்கள் இருந்தால் அவற்றையே தாவும் குறிகளாக அமைத்துக் கொள்ளலாம். ரமளானில் வாட்ஸ்அப்பில் நூல்களை அனுப்பும் சகோதரர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

எத்தனை ஸ்டைல் வேண்டும்?

பட்டியலைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான பெயர்கள் கண்ணில் பட்டு மலைக்க வைக்கும். அத்தனையும் தேவையில்லை. பாடத் தலைப்புக்கு 'ஹெடிங் 1', உட்தலைப்புக்கு 'ஹெடிங் 2', சாதாரணப் பத்திக்கு ஒன்று, பிறகு முன்சொன்ன 'ஆயத்', 'தர்ஜுமா', 'அரபு' ஆகிய ஆறே போதும். தலைப்புகளுக்கு மட்டும் புதுப்பெயர் உருவாக்காமல் 'ஹெடிங்' என்ற பெயர்களையே பயன்படுத்துங்கள். பொருளடக்கமும் ஒலிவழிப் படிக்கும் மென்பொருளும் எளிதில் அடையாளம் காண்பது அவற்றைத்தான். ஒருமுறை இவற்றை அமைத்த கோப்பை வேர்டில் 'டெம்ப்ளேட்' வடிவில் சேமித்து வையுங்கள். அடுத்த ஆண்டு மலரை அதிலிருந்தே தொடங்கலாம். கட்டுரை அனுப்பும் மாணவ மாணவியருக்கும் அந்த டெம்ப்ளேட்டையே கொடுத்துவிட்டால், முப்பது பேர் எழுதியதை ஒன்றாகச் சேர்க்கும் நாளில் மலர்க்குழுவினர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டி வராது.